லென்ஸின் குணம்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். எங்கே போனாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் இதைச் சொல்லிவிடுவேன். அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் என் அம்மா மேற்குத் தாம்பரத்தில் மீன் விற்கிறவள் என்பதையும் சொல்லிவிடுவேன். யாராவது பின்னால் கண்டுபிடித்து "ஓ, அப்படியா?" என்று புருவத்தை உயர்த்த நான் இடம் வைப்பதில்லை. இதிலெல்லாம் எனக்குக் கூச்சமே கிடையாது. ஒரு விஷயம் எனக்குத் தெரியாது என்று சொல்வதுதான் வாயில் வராது.

இது சின்ன வயதிலேயே வந்த வியாதி. மருந்துச் சீட்டு, கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கடை அறிவிப்பு என்று எழுத்து இருக்கிற எதுவானாலும் வீட்டில் என்னிடம்தான் நீட்டுவார்கள். பத்து வயதில் எத்தனை வார்த்தை புரிந்திருக்கும்? புரியாத இடத்தில் நான் நின்றதே இல்லை. ஏதோ ஒரு அர்த்தத்தைப் போட்டு நிரப்பி வாசித்துவிடுவேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். இன்ஜினியரிங் படித்து, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, முடிச்சூரில் வாடகைக்கு ஒரு ஃபிளாட் எடுத்து, கடலோரக் குப்பத்திலிருந்து அம்மாவை அழைத்து வந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னோடேயே வந்தது. போன வருடம் அது கேமரா வாங்கியது.

கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் பட்ட அசிங்கம் முழுதாகப் புரியாது. அது டிஜிட்டல் கேமராதான். ஆனால் ரேஞ்ச்ஃபைண்டர் என்ற பழைய முறையில் வேலை செய்வது. போனில் படம் எடுக்கும்போது லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதைத்தான் நாமும் பார்க்கிறோம். இதில் அப்படி இல்லை. கேமராவின் ஓரத்தில் தனியாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதில் கண்ணை வைத்தால் நடுவில் ஒரு கட்டத்துக்குள் காட்சி இரண்டு இரண்டாகத் தெரியும். லென்ஸில் உள்ள வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானதும் அமுக்க வேண்டும். லென்ஸ் பாட்டுக்கு அது ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும், நாம் பாட்டுக்கு ஜன்னலில் பார்த்துக்கொண்டிருப்போம். பின்பக்கம் திரை உண்டு. நான் அதை அணைத்தே வைத்திருந்தேன். எடுத்த படத்தை உடனே குனிந்து பார்க்கிறவர்கள் கற்றுக்குட்டிகள் என்று எங்கேயோ படித்திருந்தேன்.

வேளச்சேரியில் ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்ற கேமரா அது. வீட்டில் நான் சொன்ன விலை பொய். இங்கேயும் உண்மையைச் சொல்வதாக இல்லை.

வாங்கிய வாரமே தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்துக்குப் போனேன். மாலை வெயில் தண்டவாளத்தின்மேல் சாய்ந்திருந்தது. வண்டி வருவதும், கதவோரம் தொங்கிக்கொண்டு ஆட்கள் போவதும், பிளாட்பாரம் ஒரு நிமிடம் காலியாகி மறுநிமிடம் நிரம்புவதுமாக ஒரு மணி நேரம் விடாமல் எடுத்தேன். ஜன்னலில் எல்லாம் அற்புதமாகத் தெரிந்தது. படியோரம் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா ரொம்ப நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, மூடியே கய்ட்டாம எடுத்துகினு கீறியே?"

குனிந்து பார்த்தேன். லென்ஸின்மேல் கறுப்பு மூடி பத்திரமாக இருந்தது.

"இது இப்படித்தான்க்கா எடுக்கணும்," என்றேன்.

"அப்டியா! அது தெரியாம சொல்லிட்டேன், வுடு," என்று அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். அவர் கூச்சப்பட்டதைப் பார்த்துக்கொண்டே, மரியாதைக்காக, மூடியோடு இன்னும் நாலு படம் எடுத்துவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நாற்பத்துச் சொச்சம் படங்கள், அத்தனையும் கறுப்பு. அன்றோடு அந்த மூடியை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். மூடியே இல்லாவிட்டால் மூடியோடு எடுக்க முடியாதே. படித்த மூளை.

இதற்கிடையில் நான் ஒரு புகைப்படக் குழுவில் சேர்ந்திருந்தேன். பெருங்களத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள ஹாலில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். பதினைந்து இருபது பேர் வருவார்கள். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சார்கள். குழுவின் தலைவர் ஒரு பேங்கில் மேனேஜராக இருந்தவர். வீட்டில் லென்ஸுக்கென்றே ஒரு கண்ணாடி அலமாரி வைத்திருப்பவர், ஈரம் ஏறக் கூடாதென்று அதற்குள் பல்பு எரிய விட்டிருப்பவர். அங்கே ஒரே பெண் நான். எல்லாரும் அன்பாகத்தான் நடத்தினார்கள், அதுதான் பிரச்சினை. என்னை "யங் லேடி" என்று கூப்பிடுவார்கள். பஜ்ஜி வந்தால் முதல் தட்டு எனக்கு வரும். லென்ஸைப் பற்றிப் பேச்சு வந்தால் என் பக்கம் யாரும் திரும்பமாட்டார்கள். குழுவின் வாட்ஸ்அப்பில் நான் படம் போட்டால் ஒரு கட்டைவிரல் விழும், அவ்வளவுதான். அந்த ஹாலில் ஒருநாள், ஒரே ஒருநாள், விஷயம் தெரிந்தவளாக நான் பேசி அவர்கள் கேட்க வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது.

அதற்காகத்தான் அந்த லென்ஸை வாங்கினேன். பல பத்தாண்டுகளுக்கு முன்னால் செய்து நிறுத்திவிட்ட ஒரு லென்ஸை, அதே வடிவத்தில், அதே கண்ணாடி அடுக்கோடு, அதே குறைகளோடு இப்போது மறுபடியும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். உள்ளே ஒளி நுழையும் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்து எடுத்தால் வெளிச்சம் பட்ட இடத்தைச் சுற்றி மெல்லிய ஒளி படரும் என்றும், அதுதான் அதன் குணம் என்றும் சொன்னார்கள். பழுப்பேறியதுபோல அச்சடித்த ஒரு தாள் அதோடு வந்தது. அந்தத் தாளை நான் மனப்பாடம் செய்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் லென்ஸ் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்து அம்மாவிடம் விளக்கினேன்.

"புதுசுதான?" என்றாள் அம்மா.

"புதுசுதான். ஆனா பழசு மாதிரி."

"எதுக்கு?"

"பழசுல எடுத்தா எப்படி இருக்குமோ அப்படி வரும்மா."

அம்மா லென்ஸைக் கையில் வாங்கி, கிலோ எவ்வளவு தேறும் என்று பார்ப்பதுபோல எடை பார்த்தாள். "பழைய மீன புது மீனுன்னு விக்கறவன எனக்குத் தெரியும். புதுச பழசுன்னு விக்கறவன இன்னிக்குத்தான் பாக்கறேன். அதையும் துட்டு குடுத்து வாங்கியாந்து கீது பாரு, படிச்ச பொண்ணு."

அன்று ராத்திரியே அதைக் கேமராவில் மாட்டி, அதன் மூடியையும் இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். மறுநாள் காலை பொரியும் பூசணிக்காயும் வாங்க நான் மார்க்கெட்டுக்குப் போனேன். அந்தக் கூட்டத்தில் நீந்தி வீடு திரும்புவதற்குள் அம்மா பூஜைக்கு எல்லாவற்றையும் அடுக்கியிருந்தாள். மீன் வெட்டும் அருவாமனை, தராசு, அன்னக்கூடை, மிக்ஸி, என் லேப்டாப், என் ஸ்கூட்டர் சாவி, நடுவில் கேமரா. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கேமராவின் நெற்றியில், கம்பெனிப் பெயர் இருக்கும் இடத்தில், பெரிய பொட்டு.

"கேமராவுக்கெல்லாம் எதுக்கும்மா?"

"ஏன், அது ஆயுதம் இல்லியா? வேலைக்கிப் போற லேப்டாப்புக்கு வெச்சா இதுக்கும் வெக்கணும்ல."

பூஜை முடிந்ததும் அதற்கென்றே வாங்கிய துணியால் நெற்றிப் பொட்டைத் துடைத்து எடுத்தேன். துடைத்துக்கொண்டே கேமராப் பராமரிப்பு பற்றி அம்மாவுக்கு ஒரு சின்ன வகுப்பும் எடுத்தேன்.

அடுத்த நாள் விடியலில் அம்மாவோடு கடைக்குப் போனேன். கடை என்றால் தெருவோரம் ஒரு பலகை, ஒரு குடை, ஒரு பக்கெட் தண்ணீர். குடைக்குப் பின்னாலிருந்து வெயில் ஏறி வந்தது. சங்கராவும் வஞ்சிரமும் பலகையில் மின்னின. அம்மா தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து ஏழெட்டுப் படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாவைச் சுற்றி ஒரு பொன்னிறப் புகை. தெளித்த தண்ணீர்த் துளி ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம். கறுப்பு எங்கேயும் முழுக் கறுப்பாக இல்லை. எல்லாம் பால் ஊற்றியதுபோல இளகி, இளமஞ்சளாக இருந்தது. அந்தத் தாளில் எழுதியிருந்ததைவிடப் பத்து மடங்கு. சாமி படக் காலண்டரில் மீன் விற்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நல்ல லென்ஸ் என் கையில் வந்ததும் இன்னும் நல்லதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

லென்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெயில் மறைக்க வந்த அன்றே முன்னால் நீளமான உலோகக் கூண்டு ஒன்றை மாட்டியிருந்ததால் கண்ணாடி உள்ளே ஆழத்தில் இருந்தது. அதன்மேல் ஒரு மஞ்சள் மினுக்கம் தெரிந்தது. பழைய காலத்துப் பூச்சு. அப்படித்தான் நான் முடிவு செய்தேன், அப்படித்தான் நாலு பேருக்கு விளக்கவும் செய்தேன். கண்ணாடியைத் தேவையில்லாமல் தொடாதே, துடைக்காதே என்று படித்திருந்ததால் தொடவும் இல்லை.

படத்தைக் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் தலைவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. "எக்ஸலன்ட் மா! வாட் எ க்ளோ! எந்த லென்ஸ் இது? டீடெய்ல்ஸ் போடுங்க."

டீடெய்ல்ஸ் போடுங்க! போட்டேன். மூன்று திரைக்கு நீளும் ஒரு கட்டுரையே போட்டேன். "இந்த லென்ஸில் ஒளி விளிம்பில் நிற்பதில்லை, கசிகிறது" என்று ஒரு வரி எழுதினேன். "நவீன லென்ஸ்கள் முகத்தைக் காட்டுகின்றன, இது நினைவைக் காட்டுகிறது" என்று இன்னொன்று. இப்போது நினைத்தால் காது சூடாகிறது. அன்று அதைப் படித்துப் படித்துப் பூரித்தேன். நாள்தோறும் படம் போட்டேன். எங்கள் தெருவில் வெள்ளத்தின் கறை இன்னும் போகாத காம்பவுண்டுச் சுவர், காலி மனையில் மேயும் மாடுகள், பெருங்களத்தூரில் ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு மூட்டையோடு நிற்கிற குடும்பங்கள் என்று எதை எடுத்தாலும் பொன்னிறப் புகை. டீக்கடைப் பாய்லர்கூடத் தெய்வீகமாக வந்தது.

அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. லேப்டாப்பில் அவள் படத்தைக் காட்டினேன். மூக்கு திரையில் படுகிற அளவு குனிந்து பார்த்தாள்.

"கண்ணு மங்கிக் கீதே."

"அது க்ளோம்மா, ஒளி படருது."

"என் கண்ண சொல்லல. அந்த வஞ்சிரத்துக் கண்ணப் பாரு. அன்னிக்கு விடிய வந்த மீனுடி அது, கண்ணு அப்படியே கண்ணாடி மாதிரி இருந்துச்சி. நீ எடுத்ததுல நேத்து மீன் மாதிரி கீது." அடுத்த படத்துக்குப் போனாள். பஸ்ஸுக்கு நிற்கிற குடும்பம். "இவங்களும் நேத்து மீன்." டீக்கடைக்காரர். "ஐயய்யோ, இவரு முந்தாநேத்து."

மீன் வாங்குகிறவர்கள் கண்ணைப் பார்த்து வாங்குவார்கள். அம்மா எல்லாவற்றையும் அப்படித்தான் பார்ப்பாள். கலை என்பது வேறு என்று நான் விளக்கினேன். அம்மா தலையாட்டினாள். நான் சொன்னால் எங்கள் வீட்டில் தலையாட்டித்தான் பழக்கம்.

அந்த வாரமே தலைவர் போன் செய்தார். அடுத்த கூட்டத்தில் நான் பேச வேண்டும், முப்பது நிமிடம், பத்துப் படம், தலைப்பு 'பழைய லென்ஸின் குணம்'. "இனிமே உங்கள யங் லேடின்னு கூப்பிட முடியாது, மேடம்னுதான் கூப்பிடணும்," என்றார். போனை வைத்துவிட்டு ஃபிளாட்டின் கூடத்தில் ஒரு சுற்று சுற்றினேன். கூடம் சின்னது, ஒரு சுற்றுக்குமேல் போக முடியாது.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, புரட்டாசி இன்னும் முடியவில்லை. பாதி ஊர் கவுச்சி சாப்பிடாத மாதம் என்பதால் வியாபாரம் மந்தமாகி, அம்மா பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். சாப்பிட்டு முடித்து அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் நின்று, பீரோக் கண்ணாடியைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன்.

"இந்த மஞ்சள் சாயல், இந்த லென்ஸோட கண்ணாடி மேல இருக்கற பூச்சோட குணம். இந்த மாதிரி ஒரு பூச்சு இப்ப யாரும் போடறதில்ல..."

"சந்தனமா?" என்றாள் அம்மா.

"என்ன?"

"இல்ல, கண்ணாடி மேல பூச்சுன்னியே. சந்தனத்த சொல்றியான்னு கேட்டேன்."

"எந்தச் சந்தனம்?"

"பூஜையன்னிக்கு வெச்சது. மொதல்ல அந்தக் கூண்டுக்குள்ள வெரல வுட்டு, கண்ணாடி நடுவுலதான் வெச்சேன். அதுதான மூஞ்சி மாதிரி இருந்துச்சி. குங்குமம் வெக்கலாம்னு குனிஞ்சா, அது மூஞ்சி இல்ல, கண்ணுடி, அப்டியே என்ன மொறச்சிப் பாக்குது. கண்ணுல போயி சந்தனத்த அப்பிட்டோமேன்னு பேஜாராப் பூட்சி. முந்தானைல தொடச்சி வுட்டுட்டு, மேல நெத்தில வெச்சேன். ஏன், போகலியா அது?"

லென்ஸின் உலோகக் கூண்டைக் கழற்றி, போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். கண்ணாடி முழுவதும் அரை வட்டம் அரை வட்டமாக இழுத்துவிட்ட சந்தனம். வாசல் தெளித்துவிட்டுத் துடைப்பத்தால் இழுத்ததுபோல. ஓரத்தில் காய்ந்து ஒட்டிய ஒரு பொட்டுத் துணுக்கு. உற்றுப் பார்த்தால் அம்மாவின் நூல் புடவை நெசவுகூட அதில் தெரிந்தது. பத்து நாளாக நான் இதன் வழியாகத்தான் உலகத்தின் ஒளி கசிவதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தது நான் இல்லை, லென்ஸ். நான் ஓரத்து ஜன்னலில் சுத்தமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துடைத்தேன். மூன்று துணி, ஒரு சின்னப் புட்டித் திரவம். பிறகு பால்கனியிலிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். நல்ல லென்ஸ்தான். ஓரங்களில் லேசான ஒரு மென்மை, வெளிச்சத்தைச் சுற்றி, தேடினால் கிடைக்கிற அளவு ஒளி. மற்றபடி அடக்கமான, நாணயமான படம். தண்ணீர்த் தொட்டி தண்ணீர்த் தொட்டியாகவே இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

"இப்ப இன்னா ஆய்ப்போச்சி?" என்றாள் அம்மா.

"அங்க போயி நான் என்னத்தம்மா பேசுவேன்? எல்லாம் லென்ஸோட குணம்னு ஊர் பூரா எழுதி வெச்சிருக்கேன்."

அம்மா யோசித்தாள். உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டாள். "எழுதனதயே பேசிட்டு வந்துடு. அவங்க இன்னா லென்ஸ நக்கியா பாக்கப் போறாங்க?"

"பொய்யில்லையாம்மா?"

"கேட்டா மறைக்கக் கூடாது. கேக்காதவங்ககிட்ட நானா போயி 'இது நேத்து மீனு'ன்னு என்னிக்குனா சொல்லிக் கீறேனா?"

அது எனக்கு மிக வசதியான அறிவுரையாக இருந்தது. ஸ்கூட்டரை எடுத்தேன். ஜி.எஸ்.டி. சாலையில் தீபாவளி நெரிசல் தொடங்கியிருந்தது. முடிச்சூரிலிருந்து பெருங்களத்தூர் போய்ச் சேரும்வரை ஹெல்மெட்டுக்குள் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு போனேன்: யாரும் கேட்கப் போவதில்லை, யாரும் கேட்கப் போவதில்லை.

பேசினேன். நன்றாகவே பேசினேன் என்பதுதான் வெட்கக்கேடு. புரொஜெக்டரில் அம்மாவின் படம் விழுந்ததும் ஹாலில் ஒரு "ஆஹா" எழுந்தது. ஒளி கசிகிறது என்றேன். நினைவைக் காட்டுகிறது என்றேன். பூச்சைப் பற்றிய இடத்தில் மட்டும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அதையும் சொன்னேன். சார்கள் குறிப்பெடுத்தார்கள். இரண்டாம் வரிசையில் இருந்த ஒருவர் தன் பக்கத்து ஆளிடம், "நான்தான் சொன்னேனே, அந்தக் காலத்துப் பூச்சே வேற," என்று கிசுகிசுத்தார். கைதட்டினார்கள். நான் விரும்பியது அத்தனையும் கிடைத்தது. உட்காரப் போனேன்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி," என்று தலைவர் எழுந்தார். "உங்க படங்களப் பாத்துட்டு நானும் இதே லென்ஸ நேத்து புக் பண்ணிட்டேன். வீட்ல இன்னும் சொல்லல, நீங்களும் சொல்லிடாதீங்க." எல்லாரும் சிரித்தார்கள். "எனக்கும் இதே க்ளோ வருமா? இதே மாதிரி?"

"வரும் சார்" என்று இரண்டு வார்த்தை. அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. அவருக்கு வராவிட்டால், மேடம் கையில் வருகிறது, நம் கையில் வரவில்லை என்று அவர் தன்னையே நொந்துகொள்வார். அலமாரியில் பல்புக்குக் கீழே வைத்து, அவ்வப்போது எடுத்துப் பார்த்து, ஏன் வரவில்லை என்று யோசித்துக்கொண்டே இருப்பார். அவர் முகத்தைப் பார்த்தேன். அறுபத்தைந்து வயது மனிதர், தீபாவளிக்கு முன் வெடி வாங்கிய பிள்ளைபோல நின்றிருந்தார்.

"வராது சார்," என்றேன்.

"ஏன்? லைட் வேற மாதிரி இருக்கணுமா?"

"இல்ல சார். சந்தனம் வேணும்."

தலைவர் ஒரு காதை என் பக்கம் சாய்த்தார்.

"புரியல மேடம்."

"ஆயுத பூஜைக்கு எங்கம்மா லென்ஸ் கண்ணாடி மேல பொட்டு வெச்சிட்டாங்க சார். அப்புறம் புடவைல தொடச்சிட்டாங்க. நான் கவனிக்கல. ஓரத்து ஜன்னல்ல பாக்கறதால தெரியல. இன்னிக்கு மத்தியானம்தான் தெரிஞ்சுது."

இரண்டாம் வரிசைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "அப்ப அந்த மஞ்சள் பூச்சு?"

"சந்தனம் சார்."

"க்ளோ?"

"சந்தனம்."

"அந்த, ஒளி கசியுதுன்னு சொன்னீங்களே?"

"அதுவும்தான் சார்."

பின்வரிசையில் யாரோ முதலில் சிரித்தார். பிறகு ஹால் முழுவதும் சிரித்தது. ஒருவர் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். எனக்குப் பின்னால் சுவரில் அம்மாவின் படம் பொன்னிறப் புகையோடு ஒளிர்ந்துகொண்டே இருந்தது, அதை அணைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு மிச்சமிருந்த ஒரே பெருமை நான் அழவில்லை என்பதுதான். அதுவும் மத்தியானமே அழுது முடித்துவிட்டதால்.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. போனை எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஏதோ தேடினார். "கேன்சல் பண்ண இன்னிக்கு வரைக்கும் டைம் இருக்கு," என்றார். தட்டினார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அடிக்குத் தயாராக நின்றேன்.

"எந்தச் சந்தனம்?"

"சார்?"

"வில்லையா, கட்டைல இழைச்சதா, பவுடரா?"

"பாக்கெட் பவுடர் சார். பன்னீர்ல குழைச்சாங்க."

அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். கிண்டல் செய்கிறாரா என்று நன்றாகப் பார்த்தேன். இல்லை. "பன்னீர்" என்பதன் கீழே கோடுகூடப் போட்டார். உடனே ஹாலில் விவாதம் தொடங்கிவிட்டது. கண்ணாடியிலேயே தடவக் கூடாது, சாதாரண ஃபில்டர் ஒன்றை மாட்டி அதன்மேல் தடவலாம் என்றார் ஒருவர். நூல் புடவையா பட்டா என்று என்னைக் கேட்டார் இன்னொருவர். அந்தக் குழுவில் சேர்ந்ததிலிருந்து முதல்முறையாக எல்லாரும் ஒரே நேரத்தில் என்னிடம் கேள்வி கேட்டார்கள். எல்லாக் கேள்விக்கும் பதில் அம்மாவிடம்தான் இருந்தது.

"அடுத்த மாசம் உங்கம்மாவக் கூட்டிட்டு வாங்க," என்றார் தலைவர். "அவங்க வந்து எப்படி வெச்சாங்க, எப்படித் தொடச்சாங்கன்னு காட்டட்டும்." இதற்கு எழுந்த கைதட்டல் எனக்கு வந்ததைவிடப் பெரியது. அளந்து பார்க்கத் தேவையில்லாத அளவுக்குப் பெரியது.

வீட்டுக்கு வந்தேன். அம்மா கதவைத் திறந்தாள்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"சிரிச்சாங்களா?"

"ரொம்ப."

"சிரிக்கட்டும் வுடு. இன்னா, அடிக்கவா செஞ்சாங்க?" என்று தட்டை எடுத்து வைத்தாள்.

"அடுத்த மாசம் உன்னப் பேசக் கூப்பிடறாங்கம்மா. சந்தனம் வெச்சதப் பத்தி."

அம்மா என்னையே பார்த்தாள். "வெச்சேன், தொடச்சேன். இதுக்கு ஒரு மீட்டிங்கா? படிச்சவங்களுக்கு வேற வேலையே இல்லியா?" பிறகு சோற்றைப் போட்டுக்கொண்டே, "புரட்டாசி முடிஞ்சிட்டா ஞாயித்துக்கெழமை எனக்கு நிமிர நேரமேது? நான் வர்ல. நீயே போயி சொல்லிடு," என்றாள்.

ஒரு நல்ல மகள் இந்த இடத்தில் வற்புறுத்தியிருப்பாள். வாழ்க்கையில் முதன்முறையாக யாரோ மேடையில் கூப்பிடுகிறார்கள், வியாபாரத்தை ஒருநாள் விட்டுவிட்டு வா என்று கெஞ்சியிருப்பாள். எனக்கு வந்தது சுத்தமான நிம்மதி. அவள் மனம் மாறிவிடுவதற்குள், கை கழுவக்கூட நிற்காமல், தலைவருக்கு மெசேஜ் அடித்தேன்: அம்மாவுக்கு வர வசதிப்படாது சார், செய்முறையை நானே வந்து விளக்குகிறேன்.